இரண்டாவது மூட்டையைத் தொட்டாயா?

என்னிடம் கொடுத்தது ஒரே ஒரு வேலை. முப்பது தப்படி தூரம் ஓடிப்போய், மண் நிரப்பிய ஓர் அரிசி மூட்டையைக் காலால் தொட வேண்டும். தொட்டுவிட்டால் எல்லாரும் கைதட்டுவார்கள், டீ கொடுப்பார்கள், கடல் கடந்து வந்த ஒரு வயதானவர் நிம்மதியாக ஊருக்குத் திரும்புவார். நான் பி.காம் படித்தவள். பிரியாணிக்குச் சரியாக உப்புப் போடுபவள் என்று மாமியாரிடமே பெயர் வாங்கியவள். என்னை நம்பி இந்த வேலையைக் கொடுத்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது.

நான் அதைக் கெடுத்த விதத்தை எட்டு வருஷமாக எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்கிறார்கள், அடுத்து இந்தக் கதையைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மசாலா கூடுகிறது. போன ரம்ஜானுக்குச் சொன்னபோது, நான் வழி தெரியாமல் பம்மல் பக்கம் ஓடிப்போய்விட்டதாக என் கொழுந்தனார் சேர்த்துக்கொண்டார். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்பிங் ஆபீசில் வேலை பார்த்தேன். (டைப்பிங் ஆபீஸ் என்றால் எங்கள் மேனேஜர் கல்பனா அக்காவுக்குக் கோபம் வரும். ‘டேட்டா கன்வர்ஷன் சென்டர்’ என்று சொல்ல வேண்டும்.) கீழே மோட்டார் ரிப்பேர் கடை, மேலே நாங்கள் பன்னிரண்டு பேர். எங்கள் ஆபீசில் ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். ஒருவர் ஏ டீம், இன்னொருவர் பி டீம். ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அந்தக் கட்டத்தைச் சிவப்பாகக் காட்டும். சிவப்பை மட்டும் கல்பனா அக்கா பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

நான் ஏ டீம். பி டீமில் என் பக்கங்களை அடித்துக்கொண்டிருந்தவர் ரியாஸ். ஆறு மாதமாக எங்கள் இருவருடைய பக்கங்களில் சிவப்பே வரவில்லை என்பதைக் கவனித்து, “ஏய் நஸ்ரின், அந்தப் பையன் யாருன்னு உங்க வீட்ல சொல்லி விசாரிக்கச் சொல்லு” என்று ஆரம்பித்து வைத்தவரும் கல்பனா அக்காதான். எங்கள் வீடுகளில் ஜாதகம் பார்க்கிற வழக்கம் கிடையாது. எங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துச் சொன்னது. கல்யாணம் ஆகி நான் பல்லாவரத்திலிருந்து பொழிச்சலூருக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். ஆபீசில் வாய் தவறிவிடக் கூடாதென்று எதுவுமே கூப்பிடாமல் மேஜையைத் தட்டுவேன்.

அந்த வருஷம் வந்த வேலை அமெரிக்க பேஸ்பால் ஸ்கோர். நூறு வருஷத்துக்கும் முந்தைய ஒரே ஒரு சீசன். அந்தக் காலத்துச் செய்தித்தாள்களை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பட்டியல், ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஐந்தாறு எண்கள். நாங்கள் யாரும் வாழ்க்கையில் பேஸ்பால் பார்த்ததில்லை. தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்தான், அதனால் ஆரம்பத்தில் எல்லா வீரர்கள்மீதும் பரிதாபப்பட்டோம். ஒன்பது இன்னிங்ஸ் ஆடி ஒரு ரன், இரண்டு ரன் என்று எடுத்திருந்தார்கள்.

“இன்னாக்கா இது, எங்க கோவிலம்பாக்கத்துல எட்டாங்கிளாஸ் பசங்க ஒரு ஓவர்ல இத அடிச்சுட்டுப் போவானுங்க” என்றான் பக்கத்து சீட் தினேஷ்.

ஒருநாள் எனக்கு வந்த பக்கத்தில் ஓர் அணி முழுக்கப் பூஜ்யம். ரன் இல்லை, ஓர் அடிகூட இல்லை. ஒன்பது பேருக்கும் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தது. ஸ்கேனில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, ‘பக்கம் சரியில்லை, வேறு அனுப்பவும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டேன். ரியாஸ் ஒழுங்காக எல்லாப் பூஜ்யத்தையும் அடித்து வைத்திருந்தார். எங்களுக்குள் வந்த முதல் சிவப்பு அதுதான். இரண்டு நாளில் அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. அந்தச் சீசனிலேயே பெரிய ஆட்டம் அதுவாம். பந்து வீசியவர், மூன்று மூன்று தடவையாக எதிரே வந்த ஒன்பது பேரில் ஒருவரைக்கூட முதல் மூட்டையை எட்டவிடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார். (மைதானத்தின் நான்கு மூலையிலும் மூட்டை மாதிரி ஒன்று இருக்கும்; அடித்துவிட்டு ஒவ்வொன்றாகக் காலால் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன்.) நூறு வருஷமாக அதைக் கொண்டாடுகிறார்கள். அதைத்தான் நான் ரிப்பேர் பக்கம் என்று ஒதுக்கியிருக்கிறேன்.

பதில் எழுதியவர் பெயர் ஹாரல்ட். அவர் கம்பெனி கிம்பெனி எல்லாம் இல்லை, தனி ஆள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர், வயது எண்பத்தொன்று. அந்த ஒரு சீசனை முழுக்க எழுத்தாக்கி வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. என்னைத் திட்டி எழுதாமல், எனக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். வாரம் ஒரு கடிதம் வரும். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் முழுக்கப் பந்து வீசி, இரண்டிலும் ஒரு ரன்கூடக் கொடுக்காத ஒருவரைப் பற்றி எழுதுவார். ஒரே சீசனில் நாற்பது ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவரைப் பற்றி எழுதுவார். கல்பனா அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து டீ நேரத்தில் சத்தமாகப் படிப்பார். நாங்கள் கடலைமிட்டாய் கடித்துக்கொண்டு, செத்துப்போன மனிதர்களின் வெற்றிக்காக மேஜையைத் தட்டுவோம்.

அப்படி ஒரு கடிதத்தில்தான் அந்தப் பையன் வந்தான்.

பத்தொன்பது வயது. பெரிய ஆட்டக்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று அன்றைக்கு ஆட இறக்கினார்கள். கடைசிக் கட்டம், இரண்டு அணியும் சமம். இவன் முதல் மூட்டையில் நிற்கிறான், மூன்றாவது மூட்டையில் இன்னொருவர். பந்தை அடித்தாகிவிட்டது, மூன்றாவது மூட்டைக்காரர் ஓடிவந்து ரன்னும் எடுத்துவிட்டார். ஜெயித்தாயிற்று என்று ஜனங்கள் மைதானத்துக்குள் குதித்துவிட்டார்கள். பையன் இரண்டாவது மூட்டைக்குப் பாதி வழி ஓடியவன், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி ஓய்வறைப் பக்கம் ஓடிவிட்டான். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்களாம். அன்றைக்கு எதிரணிக்காரர் ஒருவர் கண்டுகொண்டார். முதல் மூட்டையில் நிற்பவன் இரண்டாவதைத் தொட்டாக வேண்டும். தொடாதபோது எதிரணி பந்தோடு அந்த மூட்டையை மிதித்துவிட்டால் இவன் அவுட், எடுத்த ரன்னும் செல்லாது. அப்படியே தீர்ப்பு வந்தது. சீசன் முடிந்த பிறகு ஆட்டத்தை மறுபடி நடத்தினார்கள், அதில் அவனுடைய அணி தோற்றது. கோப்பை போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் பல வருஷம் நன்றாக ஆடினான். ஆனால் அவன் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு ஞாபகம் வந்தது அந்த ஒரு மூட்டைதான். முட்டாள் என்று ஒரு பட்டப்பெயர் வைத்து, சாகும்வரை விடவில்லை.

அன்றிலிருந்து அவன் பெயர் வரும் பக்கங்களை ஏ டீமில் நான் மட்டும்தான் அடிப்பேன் என்று கல்பனா அக்காவிடம் சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தச் சீசனில் பாதி நாள் அவனை ஆடவே விடவில்லை, பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆடிய நாட்களில் ஒரு நாள் இரண்டு அடி, ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் ஒன்றுமில்லை. அந்த எண்களை அடிக்கும்போது ஸ்கூல் ரிப்போர்ட் கார்டைப் பார்க்கிற அம்மா மாதிரி இருப்பேன். வீட்டில் மாமியிடமும் கதையைச் சொன்னேன். (மாமி என்றால் மாமியார், எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம்.) மாமி பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அந்தப் புள்ளையப் பெத்தவ இன்னா பாடு பட்டிருப்பா, பாவம்” என்றார். பிறகு தினமும் நான் வீட்டுக்கு வந்ததும், “அந்தப் பையன் இன்னைக்கு எத்தினி அடிச்சான்?” என்று கேட்பார். நூறு வருஷத்துக்கு முந்தைய பையன் அடிக்கவில்லை என்றால் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும்.

சீசனை அடித்து முடிக்கப்போகிற மாதம் ஹாரல்ட் சார் நேரில் வருவதாக எழுதினார். வந்தார். நல்ல உயரம், கையில் தடி, எந்நேரமும் வியர்வை. அவருடைய இங்கிலீஷ் எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை, ரியாஸ்தான் தமிழில் சொன்னார். ஏன் இந்த ஒரு சீசனை மட்டும் எழுதி வைக்கிறீர்கள் என்று கல்பனா அக்கா கேட்டார். அவர் டீ கப்பைக் கீழே வைத்தார்.

“என் தாத்தா அன்னைக்கு அந்த மைதானத்துல இருந்தார்” என்று அவர் பேசியதை ரியாஸ் தமிழில் சொல்லச் சொல்ல, ஆபீசில் கீபோர்டு சத்தம் நின்றது. “அவருக்கும் பத்தொன்பது வயசு. முதல்ல உள்ள குதிச்ச ஆட்கள்ல அவரும் ஒருத்தர். சாகுற வரைக்கும் சாப்பாட்டு மேஜையில இதையே சொல்வார். நாங்க குதிக்காம இருந்திருந்தா அந்தப் பையன் தொட்டிருப்பான், நாங்கதான் அவனைப் பயமுறுத்திட்டோம், அப்படின்னு. அந்த ஒரு நாளைத்தான் எல்லாரும் எழுதுறாங்க. மத்த நாளையும் யாராவது எழுதி வைக்கணும்னு நெனச்சேன்.”

அவர் இன்னொன்றும் கேட்டார். கூச்சப்பட்டுக்கொண்டேதான் கேட்டார். ஊருக்குப் போவதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை, அந்தக் கட்டத்தை இங்கே யாராவது ஆடிக் காட்ட முடியுமா? முதல் மூட்டையிலிருந்து ஒருவர் ஓடி இரண்டாவது மூட்டையில் கால் வைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும். “எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. அவனோட எல்லா நாளையும் அடிச்சவங்க நீங்கதான்.”

யாராவது அந்தப் பையனாக ஓட வேண்டும் என்றதும் நான் எழுந்து நின்றேன். இப்போது நினைத்தால் என்னையே இரண்டு தட்டுத் தட்டத் தோன்றுகிறது. ஆனால் எனக்கு அதில் தகுதி இருந்தது. மூன்று அண்ணன்களுக்குத் தங்கை நான். பல்லாவரம் தெருவில் எனக்கு பேட்டிங் தரவே மாட்டார்கள், ஆனால் யாருக்காவது கால் வலித்தால் ரன்னராக ஓட விடுவார்கள். ஓடி ஓடிப் பழகிய கால். கிரீஸுக்கு நாலடி இருக்கும்போதே குனிந்து பேட்டை நீட்டித் தரையில் தேய்த்துவிடுவேன். “பேட்ட நீட்டு, பேட்ட நீட்டு” என்று பெரியண்ணன் கத்திக் கத்திக் கற்றுக்கொடுத்தது. நான் ஒரு தடவைகூட ரன் அவுட் ஆனதில்லை. இந்தப் பெருமையை அன்று ஆபீசில் எல்லாரிடமும் சொல்லவும் செய்தேன்.

சனிக்கிழமை காலை, பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானம். மாமியே நான்கு பழைய அரிசி மூட்டைகளில் மண் நிரப்பித் தைத்துக் கொடுத்திருந்தார். சமோசாவும், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த இனிப்பான வட்டலப்பமும் செய்து எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் சேர் போட்டு முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார். ஹாரல்ட் சாருக்கு இரண்டாவது மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு சேர். அவர்தான் நடுவர். மூன்றாவது மூட்டையில் கல்பனா அக்கா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. அவருக்கு ஐம்பது வயது, எந்த விளையாட்டும் ஆடியதில்லை. “நான்தான் ஜெயிக்கிற ரன்னு எடுக்கப்போறேன்” என்று காலையிலிருந்து எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லியிருந்தார். அடிக்கப்போவது தினேஷ். இரண்டாவது மூட்டையைக் காக்கிற எதிரணிக்காரராக ரியாஸ்.

ரியாஸுக்கு ஹாரல்ட் சார் தெளிவாகச் சொல்லியிருந்தார். “நீங்க எதுவும் செய்ய வேண்டாம். சும்மா நிக்கணும். அவங்க தொடுவாங்க, ஆட்டம் முடிஞ்சுடும்.”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ரியாஸ் பம்மல் டென்னிஸ் பால் டோர்னமென்டில் விக்கெட் கீப்பர். அவரிடம் ‘சும்மா நில்’ என்று சொல்வது, மாமியிடம் ‘சும்மா உட்காருங்க’ என்று சொல்வதற்குச் சமம்.

முதலில் விளையாட்டுக்காக எல்லாரும் கொஞ்சம் அடித்துப் பார்த்தோம். ஹாரல்ட் சார் பரிசாகக் கொண்டுவந்த பேஸ்பால் மரக்கட்டை எனக்குப் பிடிபடவில்லை, சப்பாத்திக் கட்டையை நீட்டி வைத்த மாதிரி இருந்தது. அதனால் கொழுந்தனாரின் கிரிக்கெட் பேட்டை வாங்கி அடித்துவிட்டு, முதல் மூட்டைக்கு ஓடி அங்கேயே நின்றேன். “சரி, இப்ப அந்தக் கட்டத்தை ஆடிரலாம்” என்றார் கல்பனா அக்கா. தினேஷ் மரக்கட்டையோடு வந்து நின்றான். நான் முதல் மூட்டையில் நின்றேன், கையில் கிரிக்கெட் பேட்டோடு.

முந்தின நாள் ஆபீஸ் வராந்தாவில் சேர் குஷனைப் போட்டு நான்கு தடவை பழகியபோது கையில் பேட் இல்லை. நான்கு தடவையும் காலால் தொட்டேன். இன்றைக்குக் கையில் பேட் இருப்பது யாருக்கும் வித்தியாசமாகவே படவில்லை. ஓடப்போகிறவள் கையில் பேட் இருக்கத்தானே செய்யும், அதில் என்ன? அது தப்பு என்று தெரிந்த ஒரே மனிதர் ஹாரல்ட் சார். அவர் பார்த்தார். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று மரியாதைக்காகச் சும்மா இருந்துவிட்டாராம்.

“நஸ்ரின்” என்று மாமி குரல் கொடுத்தார். “அந்தப் புள்ளைக்காகப் போய்த் தொட்டுட்டு வாம்மா.”

பந்து வந்தது. தினேஷ் அடித்தான். நல்ல அடி, ரியாஸின் வலது பக்கமாகப் புல்லில் உருண்டு போனது. கல்பனா அக்கா “அய்யோ அய்யோ” என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நான் ஓடினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. மூட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹாரல்ட் சார் சேரை விட்டு எழுந்துவிட்டார், இரண்டு கையையும் நெஞ்சில் வைத்திருந்தார். நாலடி இருக்கும்போது நான் குனிந்தேன். பேட்டை நீட்டினேன். பேட் நுனியால் மூட்டையை ஒரு தட்டுத் தட்டி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அப்படியே திரும்பினேன். அந்தப் பக்கம் கல்பனா அக்கா ரன்னை முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு கையை ஆட்டினார். ஜெயித்துவிட்டோம். நான் பேட்டைத் தூக்கி மாமியைப் பார்த்து ஆட்டிக்கொண்டே டீ இருக்கும் பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.

சரியாக அந்த நேரத்தில் தலைக்கு மேல் ஒரு ஃப்ளைட் போனது. ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பழக்கம். ஃப்ளைட் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். அதனால் எல்லாரும் சிலையாக நின்றதை நான் தப்பாக நினைக்கவில்லை. சத்தம் அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எனக்கு மிகவும் பழகிய குரல்.

“ஹௌஸ் தட்.”

திரும்பிப் பார்த்தேன். ரியாஸ் ஒரு கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இரண்டாவது மூட்டைமேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை ஹாரல்ட் சாரை நோக்கி உயர்த்தி நின்றார். நான்கு மாதம் முன்பு என்னைக் கல்யாணம் செய்துகொண்ட மனிதர்.

“மச்சான்” என்று கத்தினேன். ஆபீஸ் முழுக்க அன்றைக்குத்தான் அதைக் கேட்டது.

“கால் படல” என்றார் அவர். சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். உயர்த்திய கை மெதுவாக இறங்கியது. “பேட்டுதான் பட்டுச்சு. நான்... கை தன்னால தூக்கிடுச்சு சார்.”

எல்லாரும் ஹாரல்ட் சாரைப் பார்த்தோம். அவர் மூட்டையைப் பார்த்தார், என் கால்களைப் பார்த்தார், கையிலிருந்த பேட்டைப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்தது இந்த ஒரு காலைப் பார்க்கத்தான். விட்டுவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் கணக்கு வாத்தியார் அல்லவா. முகத்தில் அவ்வளவு வருத்தத்தோடு, மெதுவாகக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் அவுட்.

“சார், பேட்டு தொட்டுச்சு சார், எங்க ஊர்ல அது செல்லும் சார்” என்று கல்பனா அக்கா ஓடிவந்தார். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “என் வாழ்க்கையில நான் எடுத்த ஒரே ரன்னு சார்.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நூறு வருஷத்துத் தப்பைச் சரிசெய்யச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் அதே தப்பை அப்படியே இன்னொரு காப்பி எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கத்தில் துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அந்தப் பையனின் முகம் எனக்குத் தெரியாது, அவன் படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மாமி சேரிலிருந்து எழுந்து வந்து மகனை ஒரு பார்வை பார்த்தார். “இன்னாடா மனுசன் நீ. கட்டின பொண்டாட்டியப் போய் அவுட் பண்ணுவியா?”

அப்போது ஒரு சத்தம் கேட்டது. ஹாரல்ட் சார் அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். துப்பட்டாவை விலக்கிப் பார்த்தால், அவர் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, தடி கை நழுவிக் கீழே விழுந்தது. கல்பனா அக்கா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “சார், இன்னொரு தடவை ஆடிரலாம் சார், இவ இப்ப கரெக்டா தொட்டுருவா.”

“வேண்டாம், வேண்டாம்” என்று கையை ஆட்டினார். மூச்சு வந்ததும் மைதானத்தைச் சுற்றிப் பார்த்து ஆட்களை எண்ணினார். பன்னிரண்டு ஆபீஸ்காரர்கள், மாமி, கொழுந்தனார், ஒரு நாய். பிறகு என்னைப் பார்த்துப் பேசினார். ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டே தமிழில் சொன்னார்.

“இங்க கூட்டமே இல்ல. யாரும் உள்ள குதிக்கல. யாரும் உன்னைத் துரத்தல. அவன் கதை உனக்கு மனப்பாடம். உனக்கு இருந்தது இந்த ஒரு வேலை. அப்படியும் நீ தொடலையேம்மா.”

“சாரி சார்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“சாரி சொல்லாத. எங்க தாத்தா அறுபது வருஷம் சாரி சொன்னார். நாங்கதான் பயமுறுத்தினோம்னு. அவர் பயமுறுத்தல. அவர் வீட்டுலயே இருந்திருந்தாலும் அந்தப் பையன் தொட்டிருக்க மாட்டான். ஜெயிச்சாச்சுன்னு சந்தோஷம் வந்தா ஒரு கால் மறந்துபோகுது, அவ்வளவுதான். உன்ன மாதிரி கவனமான பொண்ணுக்கே மறந்துபோகுது.”

ஹாரல்ட் சார் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பிறகு மாமி கொடுத்த வட்டலப்பத்தை மூன்று கிண்ணம் சாப்பிட்டார். இனிப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தது ஊருக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

போகும்போது ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். அன்றைய ஆட்டத்தையும் அதே மாதிரி பட்டியல் போட்டு, அந்தச் சீசனின் கடைசிப் பக்கமாகச் சேர்க்க வேண்டும். வழக்கப்படி இரண்டு பேர் தனித்தனியாக அடித்தோம். நான் ‘தொட்டாள்’ என்று அடித்தேன். (பேட்டால் தொட்டதும் தொட்டதுதானே?) ரியாஸ் ‘தொடவில்லை’ என்று அடித்தார். கட்டம் சிவப்பானது. கல்பனா அக்கா தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும். தொட்டாள் என்றால் அவருடைய ரன் செல்லும், தொடவில்லை என்றால் செல்லாது. மூன்று நாள் யோசித்தார். கடைசியில், “சொந்தக் கேசுல நானே தீர்ப்புச் சொல்லக் கூடாது” என்று அப்படியே அனுப்பிவிட்டார். ஹாரல்ட் சாரும் மாற்றவில்லை. அந்தக் கட்டம் இன்றைக்கும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

அந்த மூன்று நாளும் நான் ரியாஸோடு பேசவில்லை. நான்காவது நாள் அவர், “நான் காலு காலுன்னு கத்தினேன் நஸ்ரின், ஃப்ளைட்டு போச்சு” என்றார். “கத்தினவரு எதுக்கு பந்த எடுத்தீங்க?” என்று கேட்டேன். எட்டு வருஷமாக இதைக் கேட்கும்போதெல்லாம் அவர் டீ போடப் போய்விடுகிறார்.

தாம்பரம் ஆபீஸ் பிறகு வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. நான் இப்போது நாவலூரில் வேலை பார்க்கிறேன். அங்கே தப்பில்லாமல் எத்தனை வேலை முடித்தேன், வருஷக் கடைசியில் என்ன பாராட்டு வாங்கினேன் என்றெல்லாம் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. மூட்டை மட்டும்தான் ஞாபகம். இதில் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அந்தப் பையனை நினைத்துக்கொள்வேன். அவனைப் பார்த்து ஊரே சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் என் வீட்டுக்காரர்கள் மட்டும்தான், அதுவும் சாப்பாடு போட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

அன்றைக்கு மைதானத்திலிருந்து திரும்பும்போது மாமி அந்த இரண்டாவது மூட்டையை விட்டுவிட்டு வர மறுத்துவிட்டார். கொழுந்தனார் தலையில் தூக்கிவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். சாக்கு இரண்டு தடவை கிழிந்து மாற்றியாகிவிட்டது, மண் அதே மண்தான். காலையில் நான் நாவலூர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாமி உள்ளேயிருந்து கேட்பார், “தொட்டியா?” நான் வலது காலால் மூட்டையைத் தொட்டுவிட்டு, “தொட்டுட்டேன் மாமி” என்று சொன்ன பிறகுதான் போக முடியும். ஒரு நாள் அவசரத்தில் மறந்துவிட்டுத் தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து தொட்டுவிட்டுப் போனேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் வந்தேன்.

எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து வயது. அவள் பிறந்ததிலிருந்து எல்லாரும் மூட்டையைத் தொட்டுவிட்டு வெளியே போவதைத்தான் பார்க்கிறாள். போன மாதம் கோவிலம்பாக்கத்தில் தினேஷ் வீட்டுக்குப் போயிருந்தோம். கிளம்பும்போது அவள் வாசலில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தேடினாள். செருப்பைத் தேடுகிறாள் என்று நினைத்து தினேஷின் மனைவி, “என்னடா கண்ணு வேணும்?” என்று கேட்டாள்.

“உங்க வீட்டு மூட்டை எங்க ஆன்ட்டி?”

“மூட்டையா? எதுக்குடா?”

இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று என் மகள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“தொடாமப் போனா கல்பனா ஆன்ட்டியோட ரன்னு செல்லாதுல்ல?”